நியூட்ரல் போனால் ஆம்ப்ளிஃபயரும் போகும்

2024 செப்டம்பர் 12 இரவு பத்து மணி சுமாருக்கு சென்னையின் பல பகுதிகள் ஒரே அடியாக இருண்டன. மணலி துணை மின்நிலையத்தில் தீ. அலமாதியிலிருந்தும் வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்தும் அங்கே வரும் 230 கிலோவோல்ட் வழிகள் இரண்டும் துண்டிக்கப்பட்டன என்று மின்வாரியம் அறிவித்தது. சில மணி நேரத்தில் படிப்படியாகக் கரண்ட் திரும்பியது. வீட்டில் லட்ச ரூபாய்க்கு ஆடியோ செட் வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட இரவில் வயிற்றைக் கலக்கும். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவார்கள். பிடுங்குவது நல்லதுதான். ஆனால் ஊரே இருளும் பெரிய மின்தடையில் செட் எரிவது அபூர்வம். செட்டை எரிப்பது பெரும்பாலும் பேப்பரில் வராத சமாசாரம்: தெருமுனை பில்லர் பாக்ஸுக்குள்ளோ, த்ரீ பேஸ் வீடானால் உங்கள் மீட்டர் போர்டிலோ நியூட்ரல் கம்பி ஒன்று துருப்பிடித்துத் தளர்ந்து, ஒரு சாயங்காலம் கழன்றுகொள்வது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ளவர்களுக்கு ஒரு நியாயமான ஆதங்கம் உண்டு. "கரண்ட் தயாராவதே நம்ம பக்கத்துலதான், நமக்கே லோ வோல்டேஜா?" எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை நிலையமும் வல்லூரில் 1500 மெகாவாட் நிலையமும் இன்றும் ஓடுகின்றன. சாம்பலும் புகையும் மட்டும் பக்கத்து வீட்டுக்கு வருகின்றன. கரண்ட் அப்படி வருவதில்லை. உற்பத்தியாகும் மின்சாரம் 230, 400 கிலோவோல்ட் என்று உயர்த்தப்பட்டு மாநிலத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. பிறகு துணை மின்நிலையங்களில் படிப்படியாக இறங்கி, 11 கிலோவோல்ட்டாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறது. அங்கிருந்து உங்கள் மீட்டர் வரை வரும் கடைசி இருநூறு முந்நூறு மீட்டர்தான் உங்கள் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. அந்த டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை ஏசி தொங்குகிறது, கேபிள் எத்தனை வருடப் பழசு, பில்லர் பாக்ஸின் கதவு மூடுகிறதா இல்லையா என்பவைதான் கேள்விகள். அனல்மின் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் நூறு மைலில் இருந்தாலும் ஒன்றுதான்.

நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இதற்கு மேலும் கீழும் 6 சதவீதம் அனுமதித்தன. அதாவது 216 முதல் 244 வரை. நல்ல ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் இந்த எல்லையையும், இன்னும் கொஞ்சம் தாண்டியும் தாங்கும். 200 வோல்ட்டில் சத்தம் சற்று அடங்கும், உச்ச அளவில் வைத்தால் சீக்கிரம் சிதறும், அவ்வளவுதான். ஃப்ரிஜ்ஜுக்கும் ஏசிக்கும் லோ வோல்டேஜ் எமன்; அவற்றில் மோட்டார் இருக்கிறது, வோல்டேஜ் குறைந்தால் திணறிச் சூடாகும். ஆம்ப்ளிஃபயரில் அப்படி எதுவும் இல்லை. ஃப்ரிஜ் பழக்கத்தில் ஆடியோ செட்டுக்கும் லோ வோல்டேஜை நினைத்தே பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது ஹை வோல்டேஜுக்கு.

வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த எல்லையைச் சற்றே தாண்டினாலும் கொஞ்சம் கவலை தேவை. வால்வின் ஹீட்டருக்கு வழக்கமாக 6.3 வோல்ட். வீட்டில் 253 வந்தால் அது 6.9ஐத் தாண்டும். உடனே எதுவும் ஆகாது. ஆனால் வால்வின் ஆயுள் சத்தமில்லாமல் தேயும்.

இனி நியூட்ரல் விஷயம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம், மற்ற எல்லாம் இதிலிருந்து கிளைக்கிறது.

தெருவில் ஓடுவது மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் இடையே 400. உங்கள் வீடு ஒரு பேஸில், எதிர்வீடு இன்னொரு பேஸில் என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் இருவருக்கும் பொது. அது பில்லர் பாக்ஸில் கழன்றுவிட்டால் கரண்ட் நின்றுவிடும் என்று தோன்றும். நிற்காது. எதிர்வீட்டுச் சாமான்கள் வழியாக நுழைந்து உங்கள் சாமான்கள் வழியாக வெளியேற அதற்கு ஒரு பாதை இருக்கிறது. அந்த 400 வோல்ட்டை இப்போது இரண்டு வீடும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக இருக்காது. யார் குறைவாகக் கரண்ட் இழுக்கிறாரோ அவர் தலையில்தான் அதிக வோல்ட் விழும்.

கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். எதிர்வீட்டில் ஏசியும் கீஸரும் சேர்ந்து 2300 வாட் ஓடுகிறது; அதன் தடை 23 ஓம். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், 230 வாட். தடை 230 ஓம். 400 வோல்ட்டில் 36 எதிர்வீட்டுக்குப் போகும், மீதி 364 உங்களுக்கு வரும். ரசனையோடு, சிக்கனமாக உட்கார்ந்திருப்பவர் வீட்டில்தான் செட் எரிகிறது. நிஜத்தில் மூன்று பேஸும் பல வீடுகளும் கலந்திருப்பதால் எண்கள் மாறும், விதி மாறாது.

364 வோல்ட் உள்ளே போனால் என்ன ஆகும்? இன்றைய டாக் (DAC), ஸ்ட்ரீமர், கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலானவற்றில் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைதான். வரும் ஏசியை அது முதலில் டிசியாக்கி ஒரு பெரிய கெபாசிட்டரில் நிரப்பும். ஏசி அளவை 1.414ஆல் பெருக்கினால் அந்த டிசி அளவு கிடைக்கும்: 230க்கு 325 வோல்ட். அந்த இடத்தில் பொதுவாகப் போடுவது 400 வோல்ட் கெபாசிட்டர், தாராள மனதுள்ள கம்பெனியானால் 450. வீட்டில் 300 வந்தாலே டிசி 424. 364 வந்தால் 515. ரிச்சி தெருப் பக்கம் எந்த சர்வீஸ் மேஜையிலும் இப்படி வந்த செட்டைப் பார்க்கலாம். கெபாசிட்டரின் தலை உப்பி, மேலே உள்ள கோடு பிளந்திருக்கும். பக்கத்தில் பியூஸின் கண்ணாடிக் குழாய் உள்ளே கறுப்பாகப் புகைந்திருக்கும். மூடியைத் திறந்ததும் மீன் கவிச்சி போல ஒரு வாடை வரும். பழைய பாணி டோராய்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான செட்கள் கொஞ்சம் பொறுமைசாலிகள். பியூஸ் முந்திக்கொண்டால் பிழைக்கும்.

நியூட்ரல் தளர்கிறது என்பதற்கு அறிகுறி உண்டு. ஒரு அறையில் பல்பு கண் கூசும் அளவுக்கு எரியும், பக்கத்து அறையிலோ எதிர்வீட்டிலோ மினுக்கும். ஃபேன் திடீரென்று வேகமெடுக்கும். யாரோ மோட்டார் போட்டதும் உங்கள் வீட்டு விளக்கு மங்காமல் பளிச்சென்று ஆகும். கடைசியாகச் சொன்னதை "பரவாயில்லையே, இன்னிக்கு வோல்டேஜ் நல்லா இருக்கு" என்று பாராட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த நொடியே மெயினை இறக்க வேண்டும். த்ரீ பேஸ் வைத்த வீடானால் இன்னொன்றும் கவனம்: ஒரு பேஸ் போனதும் "பேஸ் மாத்திப் போடு" என்று பியூஸ் கேரியரைப் பிடுங்கி மாற்றுவதோ, சேஞ்சோவரைத் திருகுவதோ நம் பழக்கம். செட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதைச் செய்யுங்கள். மாற்றும்போது கேரியரில் பறக்கும் பொறி ஒவ்வொன்றும் ஆம்ப்ளிஃபயரின் வாசலைத் தட்டும்.

"எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆகிடாதா?" ஆகாது. எம்சிபி பார்ப்பது ஆம்பியரை. வோல்ட் அதன் கண்ணுக்குத் தெரியாது. இஎல்சிபி, ஆர்சிசிபி என்று சொல்லும் கருவி கசிவைப் பார்க்கும். மனிதரைக் காக்க அது கட்டாயம் வேண்டும், செட்டை அது காக்காது. ஸ்பைக் கார்டு என்று விற்கும் பிளக் போர்டுக்குள் எம்ஓவி என்று ஒரு வில்லை இருக்கும். நொடியில் மிகச் சிறு பங்கு நேரமே வரும் துள்ளலை விழுங்குவது அதன் வேலை. தொடர்ந்து தாங்கக்கூடியது வழக்கமாக 275 வோல்ட் வரைதான். 364 வோல்ட் அதன் மேல் ஐந்து நிமிடம் நின்றால் அதுவே கருகும், சில சமயம் போர்டோடு சேர்ந்து எரியும். ரிலே ஸ்டெபிலைசருக்கும் ஒரு எல்லை உண்டு. ஹை கட் உள்ளதா, எத்தனை வோல்ட்டில் வெட்டும் என்று பெட்டியில் பார்க்காமல் வாங்கினால் அதுவும் சேர்ந்து போகும்.

இதற்கென்றே உள்ள கருவி ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். எம்சிபி போலவே இருக்கும், அதே டிபி பெட்டிக்குள் அதே தண்டவாளத்தில் மாட்டலாம், முகத்தில் வோல்டேஜ் ஓடிக்கொண்டிருக்கும். மேலே 255, கீழே 180 என்று வைத்துவிட்டால் எல்லை தாண்டிய ஒரு நொடிக்குள் வீட்டையே வெட்டிவிடும். எல்லாம் சீரானதும் தானே சேர்க்கும். எத்தனை நேரம் காத்திருந்து சேர்க்க வேண்டும் என்பதை வைக்க வசதி இருக்கும். மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். மின்தடைக்குப் பிறகு கரண்ட் வரும் முதல் நிமிடத்தில் தெருவில் உள்ள அத்தனை ஃப்ரிஜ்ஜும் ஏசியும் ஒரே நேரத்தில் முட்டிமோதும், வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் நிலைக்கு வரும். ஒரு நல்ல ஸ்பீக்கர் வயரின் விலைகூட இந்தக் கருவிக்கு ஆகாது. பவர் கார்டுக்குப் பல்லாயிரம் கொடுத்தவர் வீட்டு டிபியில் இது இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் புரியாத ரசனை. சுவருக்குள் இருபது வருடமாக 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஓடுகிறது. கடைசி ஒன்றரை மீட்டரை வெள்ளியில் போட்டு என்ன?

வயருக்கு உண்மையிலேயே செலவு செய்ய ஆசையானால் டிபியிலிருந்து செட்டுக்குத் தனி லைன் இழுக்கலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 12 ஓம் தடை. டிபியிலிருந்து செட் 20 மீட்டர் என்றால் போய் வர 40 மீட்டர், கிட்டத்தட்ட அரை ஓம். பத்து ஆம்பியர் இழுக்கும்போது 5 வோல்ட் சுவருக்குள்ளேயே போய்விடும். அதே வயரில் அயர்ன் பாக்ஸும் ஓடினால் ஒவ்வொரு முறை அது சூடேறி நிற்கும்போதும் செட் அதை உணரும். 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன், முனையில் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், போதும். பெரிய டோராய்டு உள்ள ஆம்ப்ளிஃபயரைப் போட்ட கணத்தில் எம்சிபி விழுகிறது என்றால் அது பி வகையாக இருக்கும், சி வகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

எர்த் விஷயத்தில் கடலோரத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. உப்பு ஊறிய ஈர மண்ணில் மின்சாரம் நன்றாக இறங்கும். அந்த வகையில் திருவொற்றியூர் மண் மேட்டு நிலத்தைவிட மேல். ஆனால் அதே உப்பு ஜிஐ பைப்பைச் சில வருடங்களில் தின்றுவிடும். வீடு கட்டியபோது போட்ட எர்த் பைப் தரைக்கு மேலே பளபளவென்று நிற்கும், ஒரு அடி கீழே ஒன்றும் இருக்காது. செம்பு பூசிய கம்பி இங்கே நீடிக்கும். வயர்மேன் வரும்போது மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக, மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது இருபது முப்பது என்று ஆடினால் எர்த்தோ நியூட்ரலோ சரியில்லை. செட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இடி மின்னலுக்குப் போடும் சர்ஜ் ப்ரொடெக்டரும் எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். துள்ளி வரும் மின்சாரத்தை எங்கேயாவது கொட்ட வேண்டும் அல்லவா?

ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற உறுமல் கேட்கிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். உறுமல் நிற்கும், உண்மைதான். செட்டின் உள்ளே ஒரு கம்பி கழன்று உலோக உடம்பைத் தொடும் நாளில், அந்த உடம்பைத் தொடுபவர் கதி அதோகதி. உறுமலின் ஊற்று பல வீடுகளில் கேபிள் டிவி வயர். செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஆப்டிகல் வயரில் இணைத்தால் தீர்ந்தது.

அந்தக் கேபிள் வயரை இன்னொரு காரணத்துக்காகவும் நம்பக் கூடாது. மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி வரும் அது, மின்னல் நாளில் பக்கவாட்டு வாசல். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபிளை அப்படியே விட்டால் பாதி வேலைதான். நம்மூரில் இடி என்றால் ஐப்பசி, கார்த்திகை என்று நினைப்பு. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கருத்து வரும் சாயங்கால மழையில்தான் மின்னல் உக்கிரமாக இருக்கும். கோடை முழுக்க இன்சுலேட்டர்களில் படிந்த உப்பும் சாம்பலும் முதல் தூறலில் நனையும்போது, அதன் மேல் வழியே மின்சாரம் தாவி லைன் ட்ரிப் ஆகும். அன்றைக்குப் பாட்டை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் வந்த தனி வில்லங்கம் ஒன்றும் உண்டு. கப்பல்காரர்கள் கொண்டுவந்தது, பர்மா பஜாரில் வாங்கியது, ஜப்பானிலிருந்து பழசாக இறங்கியது என்று இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் அருமையான பழைய செட்கள் உயிரோடு இருக்கின்றன. வாங்கியதும் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டு மாடலானால் 100 வோல்ட், அமெரிக்க மாடலானால் 120. நேராகச் சுவரில் செருகினால் பாட்டு ஒரு விநாடிதான் கேட்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவார்கள். சரி, ஆனால் அது வோல்டேஜை நிலைப்படுத்தாது, விகிதத்தில் குறைக்கும், அவ்வளவே. சுவரில் 260 வந்தால் 100 வோல்ட் செட்டுக்கு 113 போகும். விலை மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு ஆபத்து: அதன் பொதுச் சுற்று அறுந்தால் மொத்த 230உம் செட்டுக்குள் பாயும். தனித்தனி இரண்டு சுற்று உள்ள ஐசொலேஷன் வகையைக் கேட்டு வாங்குங்கள், கனமாகத்தான் இருக்கும். பின்னால் வோல்டேஜ் செலக்டர் உள்ள செட்டானால், 220ம் 240ம் இரண்டும் இருந்தால் 240இல் வைப்பது நிம்மதி.

அமெரிக்க செட்டில் "60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்முடைய 50இல் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். ஏசி மோட்டார் உள்ள ரெக்கார்டு பிளேயரானால் கதை வேடிக்கை: 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8தான் சுற்றும், எம்.எஸ். சுப்புலட்சுமி ஆண் குரலில் பாடுவார். அதற்குப் புல்லியை மாற்ற வேண்டும்; எந்த ஸ்டெபிலைசரும் இதைத் தீர்க்காது.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றால், முதலில் இரண்டு வாரம் வோல்டேஜைக் கவனியுங்கள். 210க்கும் 245க்கும் நடுவில் ஓடுகிறது என்றால் வேண்டாம். மாலையில் 180, விடியற்காலையில் 255 என்று ஊஞ்சலாடினால் சர்வோ வகை நல்லது. ரிலே வகை படிப்படியாகத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் "டக்" என்ற சத்தமும், கண்ணிமைக்கும் நேர வெட்டும் உண்டு. சர்வோவில் சின்ன மோட்டார் ஒன்று கார்பன் பிரஷ்ஷைச் சுருள் மேல் நகர்த்தி அளவைப் பிடிக்கும். நிதானமான ஆள், திடீர் துள்ளலைப் பிடிக்க அதனால் முடியாது, மேலே சொன்ன ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டரும் சர்ஜ் ப்ரொடெக்டரும் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் அந்தப் பிரஷ்ஷின் பாதையில் சாம்பல் படிந்து பொறி பறக்கும், வருடம் ஒருமுறை திறந்து துடைக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

2012இல் சென்னைக்குத் தினம் இரண்டு மணி நேர வெட்டு வந்தபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் நுழைந்தது. அதில் பல ஸ்கொயர் வேவ். ஃபேனே அதில் முனகும். டோராய்டு சொல்லவே வேண்டாம். செட்டை அந்த லைனில் சேர்க்காதீர்கள், கரண்ட் போனால் பாட்டும் நிற்கட்டும். ஆன்லைன் யுபிஎஸ் உண்மையிலேயே நல்ல கவசம். வரும் ஏசியை டிசியாக்கி மறுபடி புதிதாக ஏசி செய்து தருவதால், வெளியே நடப்பதில் பெரும்பாலானது உள்ளே தெரியாது. அதன் ஃபேன் சத்தம்தான் மெல்லிய ஆலாபனைக்கு எதிரி. பக்கத்து அறையில் வைக்க இடமிருந்தால் வாங்கலாம். டாக், ஸ்ட்ரீமர், ஃபோனோ ஸ்டேஜ் ஆகியவற்றுக்கு ஒரு கேவிஏ போதும். பவர் ஆம்ப்ளிஃபயரையும் அதிலேயே மாட்டினால் டிரம்ஸ் அடி விழும் இடத்தில் அது மூச்சுவாங்கும்.

சாக்கெட்டையும் பார்த்துவிடுங்கள். கடல் காற்றில் பிளக்கின் பித்தளைப் பின் பச்சை பூக்கும், சாக்கெட்டின் உள்ளே உள்ள பிடி தளரும், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் விழும். அந்த வளையம் தெரிந்தால் உள்ளே பொறி பறக்கத் தொடங்கி நாளாகிவிட்டது. சாக்கெட்டை மாற்ற ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்.

வீட்டுக்கு வெளியே உள்ளது மின்வாரியத்தின் பாடு. வோல்டேஜ் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும். "வோல்டேஜ் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, மாலை ஏழு மணிக்கு இவ்வளவு, அதிகாலை நாலுக்கு இவ்வளவு என்று நான்கைந்து நாள் குறித்து வைத்துச் சொன்னால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம். விளக்கு ஒரு பக்கம் பளிச், ஒரு பக்கம் மங்கல் என்றால் "நியூட்ரல் லூஸ்" என்ற வார்த்தையையே சொல்லுங்கள். எவ்வளவு அவசரம் என்று அவர்களுக்கே தெரியும். புகார் எண்ணை வாங்கி வையுங்கள், பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போக அது வேண்டும். மழைத் தண்ணீரில் நிற்கும் பில்லர் பாக்ஸை நீங்களே திறந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். லைன்மேன் வந்து அங்கே முறுக்கிவிட்டுப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் மீதி இருப்பது உங்கள் மீட்டர் போர்டுக்கு இந்தப் பக்கம் உள்ள நியூட்ரல் இணைப்பு. அதை மெயினை இறக்கிவிட்டு முறுக்க உங்கள் வயர்மேனுக்குக் கால் மணி நேரம் போதும்.